செங்கல்லுக்கு அந்தப் பக்கம்

ஒரு மொட்டை மாடியில் சில தொட்டிகள் இருந்தன. முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் நல்லவன் என்று ஒருவனும் கிடையாது. இருந்திருந்தால் அவனையும் யாராவது தின்றிருப்பார்கள். கேட்க மனசு வராதவர்கள் இப்போதே எழுந்து போய்க் காபி குடிக்கலாம்.

ஊருக்கு வடக்கே, வீட்டுக்கு வீடு வண்ண மீன் வளர்க்கிற தெரு அது. அங்கே டில்லிபாபு என்று ஒருவர். அவர் மனைவி கஸ்தூரி. கீழே குடித்தனம், மேலே மீன். படியேறியதும் ஒரு கண்ணாடி ஜாடி, அதற்குள் ஒரு ஃபைட்டர் மீன். நீலமும் சிவப்பும் கலந்த உடம்பு, விசிறி போல விரிகிற வால். டில்லிபாபு அவனுக்குத் துரை என்று பெயர் வைத்திருந்தார். பெயரை வைத்தது அவர், திமிரைச் சேர்த்துக்கொண்டது அவன். வாயைத் திறந்தால் மைக் முன்னால் நிற்கிற மாதிரிதான் பேசுவான்.

ஜாடிக்குப் பக்கத்தில் ஒரு பச்சைத் தண்ணீர்த் தொட்டி. மீன் இருந்த அழுக்குத் தண்ணீரைக் கொட்டாமல் வெயிலில் வைத்தால், பாசி ஏறிப் பச்சையாகிவிடும். அதுதான் பச்சைத் தண்ணீர். அதற்கடுத்து, பாதியாக அறுத்த ஒரு நீல டிரம். அதில் மொய்னாக்கள் இருந்தார்கள்.

மொய்னா தண்ணீரில் வாழ்கிற பூச்சி. கடுகில் பாதி இருக்கும். நீந்தத் தெரியாது, சொடுக்குப் போட்ட மாதிரி துள்ளித் துள்ளித்தான் போகும். முதுகுப் பையில் பிள்ளைகளைச் சுமந்துகொண்டே திரியும். ஒரு வாரம் உயிரோடு இருந்தால் அது பெரிய ஆயுசு.

துரை தின்பது மொய்னாவை. மொய்னா தின்பது பச்சைத் தண்ணீரை. பச்சைத் தண்ணீர் தின்பது துரையின் கழிவை. ஆக, அந்த மாடியில் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் பேச வாயில்லை. ஆனாலும் வாய் ஓயாமல் பேசினார்கள்.

டிரம்மின் நடுவே ஒரு செங்கல் நின்றது. கஸ்தூரி வைத்தது.

"கல்லுக்கு இந்தப் பக்கம் எவ்ளோ வேணா அள்ளிக்கோ. அந்தப் பக்கம் கை வெக்காத. அது விதை," என்று புருஷனிடம் சொல்லியிருந்தாள். அவள் புதிதாகக் கண்டுபிடித்த சட்டமில்லை. அந்தத் தெருவில் மொய்னா வளர்க்கிற எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். வழித்து அள்ளினவனுக்கு மறுநாள் வெறும் தண்ணீர்தான் மிஞ்சும்.

மொய்னாக்களுக்கும் செங்கல்லைத் தெரியும். பச்சைத் தண்ணீரை டில்லிபாபு இந்தப் பக்கம்தான் ஊற்றுவார். எனவே சோறு இந்தப் பக்கம், அவர் அள்ளுகிற துணி வலையும் இந்தப் பக்கம். பசித்தவர்கள் வந்தார்கள், வந்தவர்களில் பாதிப் பேர் திரும்பினார்கள். பிள்ளைகள் அந்தப் பக்கம் பயமில்லாமல் வளர்ந்தன. இது நியாயமா என்று கேட்டால் இல்லை. ஆனால் ஒரு பேச்சு இருந்தது, அந்தப் பேச்சு காப்பாற்றப்பட்டது.

அவர்களில் சொடுக்கி என்று ஒருத்தி. மற்றவர்கள் ஒரு துள்ளு துள்ளினால் இவள் மூன்று துள்ளு துள்ளுவாள். வாய் அதற்கு மேல்.

"ஏய் வலை, இன்னிக்கு யாரு?" என்று தினமும் கேட்பாள்.

"யாரு மாட்றாங்களோ அவங்க. எனக்கு ஆள் அடையாளம் தெரியாது," என்று வலை சொல்லும்.

"கல்லைத் தாண்டாத."

"நான் எங்கம்மா தாண்டறேன்? கை தாண்டுனா நான் தாண்டுவேன். கை நின்னா நான் நிப்பேன்."

"உனக்குன்னு ஒரு ரோஷம் கிடையாதா?"

"நான் துணிம்மா," என்றது வலை. அதில் அதற்கு வெட்கமே இல்லை.

ஜாடியிலிருந்து துரை தொண்டையைச் செருமுவான். "அன்பான மொய்னாக்களே! இந்த மாடிக்கு ஒரு பெருமை உண்டென்றால் அது என்னால். என் அழகு எனக்காக அல்ல, உங்களுக்காக. என் வாலில் மின்னுவது உங்கள் உழைப்பு!"

"உழைப்பு இல்லடா, எங்க உடம்பு," என்று சொடுக்கி கத்துவாள். துரைக்குப் பதில் சொல்லிப் பழக்கமில்லை. அவன் வாலை விரித்துக்கொண்டு கண்ணாடியில் தன்னையே பார்ப்பான்.

இப்படியே போயிருந்தால் எனக்குக் கதை சொல்ல வேலையிருக்காது. அந்த வருஷம் மீன் கண்காட்சி வந்தது.

டில்லிபாபுவுக்குக் கோப்பை ஆசை பிடித்தது. பொல்லாத ஆசை அது. ராத்திரி பகல் பேச்செல்லாம் துரையின் வால்தான். வால் இன்னும் விரிய வேண்டும், சிவப்பு இன்னும் ஏற வேண்டும், அதற்குத் தீனி இன்னும் வேண்டும். காலையில் மட்டும் இறங்கிய வலை, மத்தியானமும் இறங்கியது, சாயங்காலமும் இறங்கியது. பச்சைத் தண்ணீர் ஊற்றி வளர்ப்பது அவருக்கு மெத்தனமாகத் தெரிந்தது. பேக்கரிக்காரர்கள் மாவில் போடும் ஈஸ்ட்டை வாங்கிவந்து, வெந்நீரில் கரைத்து டிரம்மில் கொட்டினார்.

ஈஸ்ட் சும்மா வரவில்லை. பேசிக்கொண்டே வந்தது.

"வணக்கம் வணக்கம்! எல்லாரும் சாப்பிடுங்க! இனிமே இந்தத் தொட்டில பசிங்கற பேச்சே கிடையாது! தின்னுங்க, பெருகுங்க! பச்சைத் தண்ணியெல்லாம் அந்தக் காலம், இனி நம்ம காலம்!"

தின்றார்கள். சும்மா சொல்லக் கூடாது, ஈஸ்ட் வஞ்சகமில்லாமல் போட்டது. ஒருத்தி முதுகில் ஐந்து பிள்ளை இருந்த இடத்தில் பத்துப் பிள்ளை. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, அவர்கள் முதுகிலும் பிள்ளை. டிரம் கஞ்சி மாதிரி ஆனது. டில்லிபாபு எட்டிப் பார்த்துக் கையைத் தட்டினார்.

"பாத்தியா கஸ்தூரி, இன்னா மாரி பொங்குது பாத்தியா!"

தின்ன முடியாமல் மிஞ்சிய ஈஸ்ட் அடியில் படிந்து அழுகியது. தண்ணீரில் புளித்த வாடை. இருக்கிற காற்றை எல்லாரும் பங்கு போட, ஒருத்தருக்கும் மூச்சுக்குப் போதவில்லை. மொய்னாக்கள் மேலே வந்து மொய்த்தார்கள். வலைக்கு அதுவும் வசதியாகப் போயிற்று, அடி வரை முங்க வேண்டிய வேலை மிச்சம்.

மூச்சு முட்டினால் மொய்னாவுக்கு உடம்பு சிவக்கும். அதுதான் அவர்கள் ஜாதகம். வெளிறிக் கிடந்த டிரம், இரண்டு நாளில் செங்காவி கரைத்த மாதிரி ஆனது.

கஸ்தூரி துணி உலர்த்த வந்தவள் அதைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இன்னாங்க இது, ரத்தம் மாரி கீது! மூச்சுத் திணறுது போல. அந்தக் காத்து ட்யூபை எடுத்து இதுல போடேன். புண்ணியமாப் போவும்."

"நீ சும்மா இரு. செவந்த மொய்னா தின்னாதான் மீனுக்குக் கலரு ஏறும். தெருவுல கேட்டுப் பாரு."

"அதுக்கு இல்லங்க. பாவம்..."

"காத்து வுட்டா இந்தச் செவப்பு போயிடும்," என்றார் டில்லிபாபு.

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தெரியாமல் செய்தவர் இல்லை. காற்று விட்டால் அவர்கள் பிழைப்பார்கள் என்று தெரியும். பிழைத்தால் சிவப்பு போய்விடும் என்பதும் தெரியும். காற்று ட்யூப் கைக்கெட்டுகிற தூரத்தில், காலித் தொட்டி ஒன்றில் வீணாகக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

கஸ்தூரியும் ஒன்றும் உத்தமி இல்லை. முகத்தைச் சுளித்தாள், இரண்டு வார்த்தை முணுமுணுத்தாள், துணிக்கு கிளிப் போட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். கோப்பை வந்தால் எங்கே வைப்பது என்று ஃப்ரிட்ஜின் தலையை அவள் ஏற்கெனவே துடைத்து வைத்திருந்தாள்.

துரை சிவந்த மொய்னாவைத் தின்று கண்ணை மூடினான். "ஆஹா! என்ன நிறம்! என்ன சுவை! மக்கள் மகிழ்ச்சியில் சிவந்திருக்கிறார்கள்!"

"டேய்!" சொடுக்கிக்கு அடிவயிற்றிலிருந்து வந்தது. "மகிழ்ச்சியா? மூச்சு முட்டிச் சாவறோம்டா! நீ தின்னறது எங்க திணறலைடா, பாவி!"

"திணறலிலும் ஓர் அழகு இருக்கத்தான் செய்கிறது," என்றான் துரை.

இதைச் சொன்ன வாயை என்ன செய்யலாம்? எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அந்த ஜாடியைத் தூக்கிப் போட்டு உடைக்கத்தான் தோன்றுகிறது. கதை சொல்கிறவன் ஜாடி உடைக்கக் கூடாது, அதனால் மேலே சொல்கிறேன்.

கண்காட்சிக்கு முன் ஒரு காலை. இந்தப் பக்கம் வலையில் ஏறுவது குறைந்துவிட்டது. டில்லிபாபு டிரம்முக்குள் கை விட்டார். செங்கல்லைத் தூக்கினார்.

"நீயாவது நில்லேன்!" என்று சொடுக்கி செங்கல்லைப் பார்த்து அலறினாள்.

"வெக்கறவங்க வெச்சா நிப்பேன், தூக்கறவங்க தூக்குனா போவேன்," என்றது செங்கல். "நான் இங்க நின்னது என் பலத்துல இல்ல. அவங்க வார்த்தை பலத்துல. வார்த்தை போச்சு, நானும் போறேன்."

டில்லிபாபு அதைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தார். வலை அந்தப் பக்கம் போயிற்று. பிறந்து கண் திறக்காததுகள், முதல் துள்ளலே இன்னும் துள்ளாததுகள், முதுகுப் பையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்ததுகள், எல்லாம் ஒரே அள்ளில் மேலே ஏறின.

"வலை! அது விதைடா! வெதைநெல்லைக் குத்தித் தின்னவன் உருப்பட்டிருக்கானா?" என்று சொடுக்கி பின்னாலேயே துள்ளினாள்.

வலை தண்ணீர் சொட்டச் சொட்ட மேலே போய்க்கொண்டே சொன்னது: "என்னைத் திட்டி என்னம்மா ஆவப்போவுது? கை கிட்ட சொல்லு."

"கைக்குக் காது இல்லையே!"

"அதுக்கு நான் இன்னா பண்ண?"

எய்தவன் இருக்க அம்பை நோகக் கூடாது என்பார்கள். எனக்கு அம்பின் மேலும் கோபம்தான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒரு ஓரம் கிழிந்து தொலைத்திருக்கக் கூடாதா? டில்லிபாபு வேறு வலைக்கு அலைகிற நேரத்தில் நாலு பிள்ளை பிழைத்திருக்கும்.

சாயங்காலம் டில்லிபாபு என்ன நினைத்தாரோ, ஒரு சொம்பு பச்சைத் தண்ணீரையும் டிரம்மில் ஊற்றினார். சொடுக்கி அதன் அருகே போனாள். தின்பதற்கு இல்லை.

"பச்சை, நீயாவது நியாயம் கேளேன்."

"யாரு, நானா?" பச்சைத் தண்ணீர் சிரித்தது. நல்ல சிரிப்பு இல்லை. "என்னை நீ தின்னப்ப நானும் கத்துனேன். உனக்குக் கேட்டுச்சா?"

"கேக்கல."

"கேட்டுச்சு. பசில காதை அடைச்சுக்கினு தின்ன."

வாயாடிக்கு வாய் அடைத்தது அன்றுதான்.

"உன்மேல கோவம் இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன்," என்றது பச்சைத் தண்ணீர். "ஆனா ஒண்ணு இருக்குது. எத்தனையோ நாளா என்னைத் தின்னறீங்க, என் தொட்டி வெளுத்துப் போனதில்ல. அடியில கொஞ்சம் நின்னுது. மறுநாள் வெயில் பட்டதும் எழுந்துக்குவேன். தின்னது பொறுக்கலாம் சொடுக்கி. நாளைக்குப் பொறக்கவேண்டியதையும் சேத்துத் தின்னறான் பாரு, அதைப் பொறுக்காத."

"பொறுக்காம என்ன பண்ண? எனக்குப் பல்லா இருக்குது?"

"பல்லு எதுக்கு? உன் முதுகு இருக்குதே."

சொடுக்கிக்குப் புரிந்தது. மொய்னாக்களிடம் ஒரு பழைய வழி உண்டு. நல்ல காலத்தில் அவர்கள் பெண்ணாகவே பெறுவார்கள், தாய் மாதிரியே மகள், மகள் மாதிரியே பேத்தி. ஆண் என்று ஒருத்தன் தேவையே இல்லை. கெட்ட காலம் வந்தால் மட்டும் ஆண் பிறப்பான். அப்போது அவர்கள் பிள்ளை பெறாமல் முட்டையிடுவார்கள். கறுத்து, தடித்த ஓட்டோடு, எள்ளின் முனை அளவு முட்டை. அது அடிமண்ணில் இறங்கிவிடும். வெயிலில் காய்ந்தாலும் சாகாது. மண்ணோடு மண்ணாகக் கிடந்து, நல்ல தண்ணீர் பட்டால்தான் கண் திறக்கும்.

மிஞ்சியிருந்தவர்களைச் சொடுக்கி கூட்டினாள். கெட்ட காலத்துக்கென்று பிறந்த ஆண்கள் நாலைந்து பேரும் அதில் இருந்தார்கள். எல்லாரும் சிவந்திருந்தார்கள். சிலருக்குப் பேசவும் மூச்சில்லை.

"இனிமே பிள்ளை வேணாம். முட்டை போடுவோம்," என்றாள்.

"ஐயையோ, வேணாம் வேணாம்!" ஈஸ்ட் குறுக்கே விழுந்தது. "இதெல்லாம் வளர்ச்சிக்கு விரோதம்! இன்னும் நாலு பெத்துப் பாருங்க, நிலைமை மாறும்!"

குண்டச்சி என்று ஒரு மொய்னா இருந்தாள். ஈஸ்ட் தின்று பருத்தவள். "அவரு சொல்றதுலயும் ஞாயம் கீதுல்ல? முட்டை போட்டா நாம பாக்கப் போறோமா? நம்ம கண்ணு முன்னால துள்ளற பிள்ளைதான பிள்ளை?"

"உன் கண்ணு முன்னால எத்தனை துள்ளுச்சு?" என்று கேட்டாள் சொடுக்கி.

"நெறைய."

"இப்ப எங்க?"

குண்டச்சி சுற்றிலும் பார்த்தாள். அவள் பெற்றதில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அவள் தலை தொங்கியது.

"பெத்தோம் பெத்தோம், பெத்ததெல்லாம் அவன் வாலுக்குப் போச்சு," என்றாள் சொடுக்கி. "இனி வாலுக்குப் பிள்ளை கிடையாது. மண்ணுக்குத்தான்."

ஒவ்வொருத்தி முதுகிலும் கறுப்பு முட்டை ஏறியது. ஏறியது கழன்று, அழுகிய ஈஸ்ட்டின் நடுவே அடிமண்ணில் இறங்கியது. தாய்கள் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, நேரமில்லை. ஈஸ்ட் மட்டும் கடைசி வரை, "இது சரியில்லைங்க, மறுபரிசீலனை பண்ணுங்க," என்று புளித்துக்கொண்டே இருந்தது.

சொடுக்கி முட்டையை விட்ட மறுநாள் வலை வந்தது. அவள் ஓடவில்லை, ஓட மூச்சுமில்லை.

"வரியாம்மா?" என்று வலை கேட்டது. அதன் குரலில் கொஞ்சம் சங்கடம் இருந்தது. சங்கடத்தை வைத்து நாக்கு வழிக்கவா?

"வந்து தொலையறேன்," என்றாள்.

ஜாடிக்குள் விழுந்தபோது துரை அவளைச் சுற்றி வந்தான். "வருக, வருக! நீ தானே அந்த வாயாடி?"

"அன்னிக்கு நீ தின்னது யாரைன்னு தெரியுமா? கல்லுக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைங்களை."

"உண்ணும்போது நான் பக்கம் பார்ப்பதில்லை."

"பாக்கணும்டா. பாக்காத வாய்க்குப் பழக்கம் ஆயிடும். இன்னிக்கு என் பிள்ளை, நாளைக்கு யாரு பிள்ளைன்னு அதுக்குத் தெரியாது."

"எனக்கு ஏது பிள்ளை?" என்று துரை சிரித்தான். சிரித்துக்கொண்டே அவளைத் தின்றான்.

இந்த இடத்தில் ஓர் அதிசயம் நடந்து அவள் தப்பித்தாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். நடக்கவில்லை. செத்துப் போனாள். யாரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

கண்காட்சி நடந்தது. துரை ஜெயித்தான். கோப்பை ஃப்ரிட்ஜ் மேல் ஏறியது. தெருவே வந்து பார்த்தது, "என்னா கலரு, என்னா செவப்பு!" என்று வாயைப் பிளந்தது. எப்படி வந்தது அந்தச் சிவப்பு என்று ஒரு வாயாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வந்தவர்கள் எல்லாரும் துரையின் குஞ்சு வேண்டுமென்று கேட்டார்கள். டில்லிபாபுவுக்குத் தலைகால் புரியவில்லை. துரையை ஒரு அகலத் தொட்டிக்கு மாற்றி, நல்ல பெண் மீனாகப் பார்த்து விட்டார். துரை வாயால் குமிழி ஊதி ஊதித் தண்ணீர்மேல் கூடு கட்டினான். முட்டை விழுந்தது. வழக்கப்படி பெண் மீனை எடுத்துவிட்டார்கள். காவல் அப்பனுடையது.

இதையும் சொல்லத்தான் வேண்டும். துரை நல்ல அப்பனாகவே இருந்தான். கூட்டிலிருந்து நழுவி விழுந்த குஞ்சை ஓடிப்போய் வாயில் கவ்வுவான். பல் படாமல் மேலே கொண்டுபோய்க் குமிழிக்குள் துப்புவான். அது மறுபடி விழும், மறுபடி கவ்வுவான், மறுபடி துப்புவான். மேடைப் பேச்செல்லாம் எங்கே போயிற்றோ தெரியாது. "பாத்துடா கண்ணு, விழுந்துடாதடா," என்று நம்மைப் போலவே பேசினான்.

குஞ்சுகளின் வயிற்றில் ஒட்டியிருந்த கரு தீர்ந்தது. பசி தொடங்கியது.

ஃபைட்டர் குஞ்சுக்குக் காய்ந்த தீனி ஆகாது. கண்ணெதிரே ஏதாவது உயிரோடு துள்ள வேண்டும், அப்போதுதான் வாயைத் திறக்கும். துரையும் அப்படித்தான் வளர்ந்தவன். டில்லிபாபு போட்ட உருண்டைத் தீனியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

டில்லிபாபு வலையை எடுத்துக்கொண்டு டிரம்மிடம் போனார். டிரம் இல்லை, அதாவது டிரம்மில் ஒன்றும் இல்லை. ஒருவாரத்துக்கு முன்பே நாற்றம் தாங்காமல் அவரேதான் அதை மாடி மூலையில் கவிழ்த்திருந்தார். தண்ணீர் ஓடிப் போயிற்று, அடிமண் தரையில் அப்படியே காய்ந்து பொருக்காகக் கிடந்தது.

"கஸ்தூரி! கொஞ்சூண்டு மொய்னா கூட இல்லியே! ஒரு கரண்டி இருந்தா போதுமே!"

"கல்லு வெச்சனே, எங்க அது?" என்றாள் கஸ்தூரி.

டில்லிபாபு கைப்பிடிச் சுவரைப் பார்த்தார். அதன்மேல் செங்கல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"அப்ப ஒரு அவசரம்..."

"இன்னா அவசரம்? கோப்பைக்குத்தான அவசரம்? இப்ப அந்தக் கோப்பைய ஊட்டு குஞ்சுக்கு!" அவளுக்கு இப்போதுதான் கோபம் வந்தது. வர வேண்டிய நாளில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"கத்தாதடி. பக்கத்துத் தெருவுல கேட்டு வாங்கியாரேன். மீனை மட்டும் குஞ்சுங்ககிட்டேருந்து தனியா எடுத்து வுடணும், வந்து எடுத்துக்கறேன்."

அவர் ஒரு பாலித்தீன் கவரை எடுத்துக்கொண்டு ஓடினார். ஓடும்போது மூலையில் காய்ந்த பொருக்கை மிதித்துக்கொண்டு ஓடினார். காலடியில் அது நறநறவென்று நொறுங்கியது. அதற்குள்தான் சொடுக்கியின் முட்டை இருந்தது, குண்டச்சியின் முட்டை இருந்தது, நாலு டிரம் நிறைக்கிற அளவுக்கு விதை இருந்தது. அன்றைக்கு டிரம்மைக் கவிழ்க்காமல் நாலு குடம் நல்ல தண்ணீர் ஊற்றியிருந்தால், இன்றைக்குத் தொட்டி துள்ளியிருக்கும். அவருக்கு அது வெறும் அழுக்கு. வானத்தில் ஒரு மேகமில்லை. முட்டைகள் தூங்கின, அவற்றுக்கு ஒரு அவசரமும் இல்லை.

தொட்டியில் குஞ்சுகள் கூட்டை விட்டு இறங்கின. பசியில் இங்கும் அங்கும் துள்ளின.

"அப்பா, பசிக்குது."

"இருங்கடா. இப்ப வந்துடும்டா."

"அப்பா, உனக்குப் பசிக்கலையா?"

கூடு கட்டிய நாளிலிருந்து துரை ஒன்றும் தின்னவில்லை. அவன் கண் ஒரு குஞ்சைப் பின்தொடர்ந்தது. அது ஒரு துள்ளு துள்ளியது. நின்றது. மறுபடி ஒரு துள்ளு.

"துரை!" பக்கத்துத் தொட்டியிலிருந்து பச்சைத் தண்ணீர் குரல் கொடுத்தது. "டேய் துரை, கண்ணை அந்தப் பக்கம் திருப்புடா!"

ஒரு குஞ்சு தளர்ந்து கீழே விழுந்தது. துரை பாய்ந்து போய், எப்போதும் போல, பல் படாமல் அதை வாயில் கவ்வினான். கூட்டுக்கு அடியில் போய் நின்றான். வாய்க்குள் குஞ்சு துள்ளியது.

இந்த முறை அவன் துப்பவில்லை.

டில்லிபாபு வெயிலில் அலைந்து, யார் யார் காலிலோ விழுந்து, கவர் நிறைய மொய்னா வாங்கிக்கொண்டு வந்தார். நல்ல வெளிறிய, ஆரோக்கியமான மொய்னா. மூச்சு வாங்க மாடியேறினார். தொட்டிக்குள் குனிந்து பார்த்தார். குமிழிக்கூடு அப்படியே இருந்தது. அதன் கீழே துரை மட்டும், வாலை விரித்துக்கொண்டு.

"கஸ்தூரி, மீனுக்கு எதுனா போட்டியா? வயிறு ரொம்பி உப்பிக்கினு கீதே!"

கீழேயிருந்து அவள் குரல் வந்தது.

"நான் ஒண்ணும் போடலியே."